எதிர்த்தரப்பு

இல்லம்மா, நீ உக்காரு. அவ்வளவு சீக்கிரமெல்லாம் கூப்பிட மாட்டாங்க. பலகையில நேரம் போட்டிருக்கும், அது பாட்டுக்கு அது. அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடும். இப்படி வா.

என்னது, கட்டிலா? தேக்குன்னு சொல்லிட்டு வேற எதையோ தலையில கட்டிட்டானா? பில்லுல தேக்குன்னு போட்டிருக்கானா? அப்போ நீ பயப்படவே வேணாம். கடைக்காரன் போன்ல அனுப்பின மெசேஜ் எதையும் அழிச்சுடாதே, அதுவும் சாட்சிதான். இந்த நுகர்வோர் கோர்ட்டுல வக்கீல் வெச்சே ஆகணும்னு இல்ல, நாமளே பேசலாம். நான் பேசறேன்ல? முதல் நாள் எந்தப் பக்கம் நிக்கறதுன்னே தெரியல. இப்போ உள்ள விசாரிக்கறவங்களே, வந்துட்டீங்களாம்மான்னு கேக்கற அளவுக்குப் பழகிப் போச்சு.

எனக்கு மொட்டை மாடி. பழைய தளத்தைக் கொத்திட்டு, வாட்டர் ப்ரூஃப் பூசி, மேல ஓடு பதிக்கற வேலை. தனியா காண்ட்ராக்ட் எடுத்து அவன் செஞ்ச முதல் வேலையே எங்க வீடுதான். அதுவரைக்கும் இன்னொருத்தர்கிட்ட ஆளா இருந்தவன். ஓடெல்லாம் நேர்த்தியா, நூல் பிடிச்ச மாதிரி பதிச்சிருந்தான். நான் துணி கம்பெனியில செக்கிங், தையல்ல ஒரு இழை விலகினாலும் கண்ணுல பட்டுடும். என்னாலயே குறை சொல்ல முடியல. முதல் மழை பெஞ்சுது பாரு, கட்டில் மேல அருவி. ஃபேன் வழியா சொட்டுது. இருக்கற வாளி, குண்டான் எல்லாத்தையும் மெத்தை மேல வெச்சுட்டு, நான் சமையல்கட்டுல படுத்தேன்.

எழுதி வாங்கலையா? எல்லாரும் இதையே கேக்கறீங்க. வாங்கலம்மா. வாய்ப் பேச்சுதான். அதுவும் ஒப்பந்தம்தானாம், நிரூபிக்கறதுதான் கஷ்டமாம். நீ எது செஞ்சாலும் எழுதி வாங்கிடு, யாரா இருந்தாலும்.

மறுநாள் வந்து பார்த்தான். பக்கத்து வீட்டுத் தொட்டியில இருந்து வருதுன்னான், குழாய்னான், என்னென்னவோ சொன்னான். எனக்கு ராத்திரி தூக்கம் இல்லாத எரிச்சல். அவன் கூட்டிட்டு வந்த ஆளுங்க முன்னாடியே, உனக்கெல்லாம் எதுக்குடா காண்ட்ராக்ட்னு கேட்டுட்டேன். பூச்சுக் கரண்டியைக் கழுவிப் பைல போட்டான், இறங்கிப் போயிட்டான். அதுக்கப்புறம் போன் எடுக்கல. நம்பரையே மாத்திட்டான். தங்கியிருந்த ரூமுக்குப் போனா, காலி பண்ணிட்டாருன்றாங்க.

இலவச சட்ட உதவின்னு ஒரு இடம் இருக்குன்னு கம்பெனியில சொன்னாங்க. அங்க உன் வயசுல ஒரு வக்கீல் பொண்ணு. முதல்ல நோட்டீஸ், பதில் வரலைன்னா இங்க மனு, நடுவுல சமரசத்துக்கும் கூப்பிடுவாங்கன்னு பொறுமையா சொல்லுச்சு. நோட்டீஸ் திரும்பி வந்துடுச்சு. விடல நான். அவன் மருந்து வாங்கற கடை, ஓடு வாங்கற கடைன்னு ஏறி இறங்கி, ஒரு கடைக்காரர்கிட்ட புது விலாசத்தைப் பிடிச்சேன். அடுத்த நோட்டீஸைக் கையெழுத்துப் போட்டு வாங்கிட்டான். அந்தக் கோணல் கையெழுத்தைப் பார்த்தப்புறம்தான் எனக்குச் சோறு இறங்குச்சு.

வந்தான். வராம என்ன பண்ணுவான்? ஆள் பாதியா இளைச்சிருந்தான். தாடி வேற. காலர் நைஞ்ச சட்டை. சண்டை எதுவும் போடலம்மா. தப்பு என்னோடதுதான், பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமா குடுத்துடறேன்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டே சொல்லிட்டான். உள்ள இருக்கறவங்களுக்குச் சந்தோஷம். வாங்கிக்கோங்கம்மா, நல்ல முடிவுன்னாங்க. நான்தான் மாட்டேன்னுட்டேன். ஒரு தடவை போட்டோ பிரிண்ட் போடணும்னு வாய்தா கேட்டேன். ஒரு தடவை உடம்பு சரியில்லன்னேன். இந்தம்மாவுக்குப் பேராசைன்னு இங்க இருக்கற குமாஸ்தா என் காதுபடவே சொல்றாரு. சொல்லிட்டுப் போகட்டும். ரெண்டு பஸ் மாறி வரேன், கம்பெனியில சம்பளத்தைப் பிடிக்கறாங்க, முட்டி வேற தேய்ஞ்சு போச்சு. ஆசைப்பட்டா வருவாங்க இங்க?

இன்னும் ஒழுகுதாவா? இல்லம்மா. அதை அப்பவே வேற ஆளை வெச்சு அடைச்சாச்சு. இப்போ ஒரு சொட்டு இறங்கறதில்ல.

அப்புறம் ஏனா? வாங்கிட்டா கேஸ் முடிஞ்சுடும்ல.

அதோ, தண்ணி டிரம் பக்கத்துல நமக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கறான் பாரு, நீலச் சட்டை. அவன்தான். எனக்கு அடுத்துப் பொறந்தவன். எங்களுக்கு வேற யாரும் கிடையாது. தம்பியைக் காணோம்னு முதல்ல போலீஸுக்குத்தான் போனேன். வயசு வந்த ஆளு, கோவிச்சுக்கிட்டுத் தானா போயிருக்காரு, எங்கன்னு தேடறதுன்னு அனுப்பிட்டாங்க. எதிர்த்தரப்புன்னு எழுதிக் குடுத்தப்புறம்தான் அவன் முகத்தையே பார்த்தேன். வெளியில என்னைக் கண்டா ஒதுங்கிப் போயிடறான். உள்ள கூப்பிட்டா எதிர்ல உக்காந்துதானே ஆகணும்.

இன்னிக்கு முடிச்சே ஆகணும், இனிமே வாய்தா கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. பணம் ஒண்ணும் வேணாம்னு சொல்லிடப் போறேன். அதுக்குப் பதிலா, ஞாயித்துக்கிழமையில வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போகணும்னு அந்த சமரசப் பத்திரத்துல ஒரு வரி சேர்க்க முடியுமான்னு கேக்கணும்.

சிரிக்காதேம்மா. நீ படிச்ச பொண்ணு, சொல்லு. அப்படியெல்லாம் எழுதுவாங்களா?