மூச்சை இழுத்துப் பிடிங்க

மாத்திரையை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு ஓடினாள் அண்ணி. நெருங்கி உட்காருங்கள், சொல்கிறேன்... என் சிநேகிதன் ஒருவனின் அண்ணி அவள். ஆஸ்பத்திரி நர்ஸ். மாலை மங்கிய நேரம். ஆளில்லாத நீண்ட தாழ்வாரம்... பினாயில் நெடி... அவளுடைய செருப்புச் சத்தம் மட்டும், சரக், சரக். இரண்டு ஷிப்ட் பார்த்த கால்கள் கெஞ்சின.

ஸ்கேன் அறையில் ஒரு தையல்காரர் படுத்திருந்தார். பயத்தில் இதயம் நிமிடத்துக்குத் தொண்ணூறு தடவை குதித்தது. அறுபதுக்குக் கீழே இறங்காவிட்டால் படம் கலங்கிவிடும். படம் இல்லாமல் டாக்டர் ஆபரேஷனை முடிவு செய்ய மாட்டார். அடுத்த தேதிக்கு ஒரு மாதம். அதுவரை தாங்குமா அந்த இதயம்? துடிப்பைத் தணிக்கத்தான் இந்த மாத்திரை. வார்டில் யாரோ மயங்கி விழ, கொண்டுவரத் தாமதமாகிவிட்டது.

மூச்சிரைக்க நுழைந்தாள். திரையில்... ஐம்பத்தெட்டு.

"இன்னொரு சிஸ்டர் வந்து சரி பண்ணிட்டாங்கம்மா" என்றார் தையல்காரர், கண்ணை மூடியபடியே.

யாரோ கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. மாத்திரையைப் பையில் போட்டாள். அதற்கு மேல் யோசிக்கத் தெம்பில்லை. இந்த அறைக்கு அவள் மாற்றலாகி வந்தே நாலு நாள்தான்.

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஸ்கேன் எடுப்பவர். எல்லோருக்கும் 'மைக் அண்ணன்'.

"சீக்கிரம் வாம்மா. லேட்டாப் போனா சாப்பாடு ஆறிடும், பொண்டாட்டி சூடாயிடுவா."

அவள் தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்ததும் மைக்கை அழுத்தினார்.

"மூச்சை இழுத்துப் பிடிங்க."

ஸ்பீக்கரில் ஸ்ஸ்ஸ்... அதன் பின்னாலேயே இன்னொரு ஸ்ஸ்ஸ்.

"மூச்சை விடலாம்."

ஒரே ஒரு மூச்சுதான் வெளியே வந்தது.

அண்ணி சட்டென்று திரும்பினாள். மைக் அண்ணன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஸ்பீக்கரை அணைத்தார்.

படம் பளிங்கு மாதிரி வந்திருந்தது. தையல்காரர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார்.

"அந்தச் சிஸ்டருக்கு நன்றி சொல்லிடுங்கம்மா. மாத்திரையெல்லாம் தரல. நெஞ்சுல கையை வெச்சு, 'மெதுவா... மெதுவா...'ன்னாங்க. அவ்வளவுதான். கை மட்டும் ஐஸ்கட்டி."

அவர் போனதும் அண்ணி கேட்டாள்.

"யாருண்ணே அது?"

மைக் அண்ணன் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தார்.

"உனக்கு முன்னாடி இங்க இருந்தவங்க. போன மாசம் அவங்களுக்கே நெஞ்சுவலி. அதே மேஜைலதான் படுக்க வெச்சோம். 'இழுத்துப் பிடிங்க'ன்னேன். பிடிச்சாங்க. 'விடலாம்', 'விடலாம்'னு எத்தனை தடவை சொன்னேன் தெரியுமா..."

கண்ணாடிக்கு அப்பால், இருட்டில் கிடந்த மேஜையைப் பார்த்தார்.

"இன்னும் விடல."