நானூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர்

விலை குறைந்த காரை யாரும் பத்திரப்படுத்துவதில்லை. ஓட்டித் தேய்த்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார்கள். அதனால்தான் முப்பது வருடம் கழித்து மிஞ்சுகிற ஒன்றிரண்டுக்கு மதிப்பு வருகிறது. இதைச் சொன்னால்தான், அதிகாரி, மீதி புரியும்.

என்னுடையது இரண்டு இருக்கை, துணிக்கூரை. அடிலெய்ட் மலைப்பக்கத்துப் பள்ளி ஆய்வகத்தில் வேலை பார்த்து, புதிதாக வாங்கினேன். ஒன்பது வருடத்தில் நானூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. கண்காட்சிக்குக்கூட ட்ரெய்லரில் ஏற்றித்தான் கொண்டுபோவேன்.

"புருஷன ஒரு நாளாவது இப்படித் துடைச்சிருக்கியா, கிளெனிஸ்?" என்பான் நெவில்.

"உனக்கும்தான் வயசாச்சு. விலை ஏறக் காணோமே."

விழுந்து விழுந்து சிரிப்பான். நல்லவன்.

அன்று மதியம் காட்டுத்தீ மேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. எல்லோரும் வெளியேறி கிரிக்கெட் மைதானத்துக்குப் போகும்படி கைபேசியில் செய்தி வந்தது. பிக்கப் வண்டிக்குப் பின்னால் ட்ரெய்லரை மாட்டி, காரை ஏற்றிப் பட்டைகளால் கட்டினேன்.

"இத எதுக்கு இழுத்துக்கிட்டு? ஆளுக்கொரு வண்டியா ஓட்டிட்டுப் போயிடலாமே."

"மைதானத்துக்குப் பத்தொம்பது கிலோமீட்டர். மீட்டர்ல ஏறிடும்."

"அடிப்பாவி. சரி, ஆடுகளத் திறந்து விட்டுட்டு வர்றேன். பத்தே நிமிஷம். விட்டுட்டுப் போயிடாத."

ஆறாவது நிமிடம் தீப்பொறிகள் பறந்து வந்தன. நான் ஏறி உட்கார்ந்தேன், இறங்கினேன், பட்டைகளை மூன்று முறை இழுத்துப் பார்த்தேன். ஒரு பொறி போதும், கூரை ஓட்டையாகிவிடும். மாற்றுக் கூரை போட்டால் அது அசல் ஆகாது.

காரை அவனுக்காக இறக்கி வைத்திருக்கலாமே என்கிறீர்கள். யோசித்தேன். அவன் வந்து சேராமல் போனால் கார் வீணாக எரிந்திருக்கும்.

ஏழாவது நிமிடம் கிளம்பினேன். வெளிக்கதவைத் தாண்டும்போது பக்கவாட்டுக் கண்ணாடியில் தெரிந்தான். ஓடி வந்துகொண்டிருந்தான். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே ஆட்டினான். வாய் அசைந்தது. இறக்கத்தில் ட்ரெய்லரோடு சட்டென்று நிறுத்தினால் கட்டு இழுபட்டு பம்பர் கீறும். நான் நிறுத்தவில்லை.

கிரிக்கெட் மைதானத்தில் பக்கத்துப் பண்ணை பெரில் தேநீர் கொண்டுவந்தாள்.

"நெவில் எங்க?"

"பின்னால வர்றான்" என்றேன். கூரையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பொட்டு ஓட்டைகூட விழவில்லை. நீங்களே பார்த்தீர்கள். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: அவன் என்னைப் போகச் சொல்லித்தான் கையாட்டினான்.