சுண்டல் மடித்த காகிதம்

சுண்டலைக் காகிதத்தில் மடித்தால் எண்ணெய் ஊறிவிடும் ஐயா. வாழை இலைதான் சரி. எல்சிக்கு இது தெரிந்திருந்தால் நீங்கள் இன்று இவ்வளவு எழுத வேண்டியிருக்காது.

கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டுக்குப் பின்னால் அவள் கள்ளச்சாராயம் விற்றாள். நான் ஹார்பரில் மூட்டை தூக்கினேன், லாரி கழுவினேன், கடைசியாகத் தண்டையார்பேட்டையில் ஒரு பெயின்ட் கிடங்கில் காலி பீப்பாய் கழுவினேன். எங்கும் ஆறு மாதம் தாண்டவில்லை. குடிதான் காரணம் என்பார்கள். என் நாவல்தான் காரணம். பத்திரிகைகள் அதைப் பதினோரு வருடமாகத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தன. அவர்களுக்குப் படிக்கத் தெரியாததற்கு நான் வெட்கப்பட முடியாது.

எல்சியிடம் புதுச் சரக்கு வந்தால் முதலில் நான்தான் ருசி பார்ப்பேன். நான் தலையாட்டினால்தான் மற்றவர்கள் கிளாஸைத் தொடுவார்கள். என் எழுத்தை நம்பாத ஊர் என் நாக்கை நம்பியது.

என் அறை ஒழுகியதால் நாவலை அவள் பரணில் வைத்திருந்தேன். போன சனிக்கிழமை சாயங்காலம் நான் போனபோது, குடிக்க வந்தவர்கள் என் நாவலில் ஆளுக்கொரு பக்கத்தைக் கையில் வைத்துச் சுண்டல் தின்றுகொண்டிருந்தார்கள். ஒருவன் அதிலேயே வாயைத் துடைத்தான்.

"பழைய பேப்பர்னு நெனச்சிட்டேன் நைனா. கோச்சிக்காத," என்றாள் எல்சி.

நான் கோபித்துக்கொள்ளவில்லை. அவள் நீட்டிய கிளாஸை முகர்ந்தேன். அந்த வாரம் பூராவும் நான் கழுவிய மெத்தனால் பீப்பாயின் வாடை. அது உள்ளே போனால் கண் போகும், உயிரும் போகும் என்று கிடங்கில் முதல் நாளே சொல்லித்தான் வேலைக்கு எடுத்தார்கள். "சரக்கு நல்லா கீது," என்றேன். வயிற்றுவலி என்று கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன்.

ஹார்பரில் கிரேன் ஓட்டும் ஜஹாங்கீர் மட்டும் தன் சுண்டல் காகிதத்தைப் பிரித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்.

"யாரு எழுதனதோ தெரில தோஸ்து. அப்பால இன்னா ஆச்சின்னு தெரிஞ்சாவணும்," என்றார்.

பதினோரு வருடத்தில் அப்படிக் கேட்ட முதல் மனிதர். எழுதியவன் நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் கிளாஸை எடுத்துவிட்டார். அவரைத் தடுத்தால் மற்றவர்களும் வைத்துவிடுவார்கள்.

ஒன்பது பேர் செத்தார்கள். எல்சி மேல் கேஸ் எழுதியிருக்கிறீர்களாம். அவளுக்கு அந்தச் சாராயத்தில் என்ன இருந்தது என்றும் தெரியாது, அந்தக் காகிதத்தில் என்ன இருந்தது என்றும் தெரியாது. இதைச் செய்தது நான். என் பெயரைப் போடுங்கள்.

ஜஹாங்கீர் பிழைத்துவிட்டார், கண் மட்டும் போய்விட்டது என்றீர்கள். ஒரே ஒரு முறை என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். நாவல் முழுவதும் எனக்கு மனப்பாடம். வாசகனைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிறவன் நான் இல்லை.