வேலப்பனை ஆஜராக்கியது

சித்திரை பிறந்துவிட்டால் ஆரியசாலையில் என் கடைவாசலில் ஒரு பானை மோர் இருக்கும். சுமைகாரர்கள், வண்டிக்காரர்கள், யார் வேண்டுமானாலும் மொண்டு குடிக்கலாம். இஞ்சியும் கறிவேப்பிலையும் நானே தட்டிப் போடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை, ஐயா. முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். போன வருஷம், ஐம்பத்திரண்டில், வேலப்பனை நான் முதலில் பார்த்தது அந்தப் பானையருகில்தான்.

கல்லாற்றுக்காரன். அன்றிலிருந்து என் சரக்குக் கிட்டங்கியில் மிளகாய் மூட்டை இறக்கினான். இந்த மாசியில் சந்தையில் நடந்த அடிபிடியில் இன்னொரு சுமைகாரனின் தோளில் மூட்டைக் கொக்கியைப் பாய்ச்சிவிட்டான் என்று அவன்மேல் கேஸ். அவன் மனைவி பொன்னம்மை கடைக்கு வந்து நின்றாள்.

"லாக்கப்பிலே அவரைக் கொல்லுதாங்க முதலாளி. நீங்க ஜாமீனுக்கு ஒரு ஒப்பு போட்டா மதி, வெளியே விட்டிருவாங்க."

பிறத்தியார் கண்ணீரைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியாது. நிலவரி கட்டிய கரம் ரசீதை எடுத்துக்கொண்டு வஞ்சியூர் கோர்ட்டுக்குப் போனேன். வக்கீல் குமாஸ்தா சூடாமணி ஜாமீன் பத்திரத்தை வாசித்துப் பொருள் சொன்னார். விசாரணைத் தவணைதோறும் ஆளை ஆஜராக்குவேன் என்பதுதான் அதன் சாரம்.

"ஜாமீன் நிக்கறதும் பொண்ணைக் கெட்டிக் கொடுக்கறதும் ஒண்ணு அண்ணாச்சி," என்று சிரித்தார். "ஒப்பு போட்டாச்சுன்னா பின்னே உறக்கம் கிடையாது, கேட்டேளா."

நான் சிரிக்கவில்லை. பத்திரத்தின் நகலைப் பூஜை அலமாரியில், திருநீற்றுக்குப் பக்கத்தில் வைத்தேன். தினமும் குளித்துவிட்டு ஒருமுறை வாசிப்பேன்.

தவணை சித்திரை பதினேழு. அதற்குப் பன்னிரண்டு நாள் முன்பு வேலப்பன் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான்.

"எங்க அம்மைக்கு ஒடம்பு தீரே வய்யாம கிடக்கு முதலாளி. கல்லாறு வரை போய் ரெண்டு நாளிலே வந்திருவேன்."

கல்லாற்றுக்கு மேலே பொன்முடிக் காடு. ஒரு மனிதன் அங்கே நுழைந்துவிட்டால் யார் தேடுவது? சூடாமணியிடம் கேட்டேன்.

"பயமா இருந்தா ஒரு மனு எழுதிக் கொடுங்க. உங்க ஜாமீன் ஒழிஞ்சுடும். அவனைத் திரும்பப் பிடிச்சு உள்ளே வச்சுக்கிடுவாங்க, அம்புட்டுதான்."

அம்புட்டுதான் என்று அவர் சுலபமாகச் சொல்லிவிட்டார். வெளியே வந்து காற்றைச் சுவாசித்த ஒருவனை மறுபடி லாக்கப்பில் தள்ள எனக்கு மனம் வரவில்லை. அது பாவம் என்று பட்டது.

அதனால் அவனைக் கிட்டங்கியிலேயே வைத்துக்கொண்டேன். மூட்டை அடுக்க வேண்டும் என்று உள்ளே கூப்பிட்டு, வண்டிச் சங்கிலியால் தூணோடு காலைப் பூட்டினேன். பாய் விரித்தேன், தலையணை கொடுத்தேன். மூன்று வேளையும் சோறு என் வீட்டுச் சோறுதான். மிளகாய் நெடியில் இருமினால் வெந்நீர் கொடுத்தேன். கணுக்கால் புண்ணானபோது நல்லெண்ணெய் தடவினேன்.

"நான் ஓடமாட்டேன் முதலாளி. அம்மையாணை."

"எனக்குத் தெரியும்டே. நீ நல்லவன். நல்லவனுக்கும் புத்தி தடுமாறும், இல்லியா?"

"அப்போ லாக்கப்பிலேயே விட்டிருக்கலாமே."

"அங்க உனக்கு யாருடே எண்ணெய் தடவுவா?"

பொன்னம்மை வந்து விசாரித்தபோது அம்மையைப் பார்க்கக் கல்லாற்றுக்குப் போயிருக்கிறான் என்றேன். அது பொய். அந்தக் குற்றத்தை நான் ஒப்புக்கொள்கிறேன்.

ஏழாம் நாள் மதியம் நான் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் அவன் பூட்டை உடைத்துவிட்டான். நான் திரும்பி வந்தபோது ஜன்னல் கம்பியை வளைத்துக்கொண்டிருந்தான். அருகிலிருந்த இரும்பு எடைக்கல்லை எடுத்தேன். முதல் அடியில் விழுந்தான். பிறகு முட்டிக்கு இரண்டாக நான்கு அடி. எண்ணித்தான் அடித்தேன், கோபத்தில் அடிக்கிறவனுக்கு எண்ண வராது. இடது முட்டி முதல் அடியிலேயே நொறுங்கிவிட்டது. ஆனாலும் கணக்காக இருக்கட்டும் என்று அடுத்ததையும் அடித்தேன். அவன் அலறியது தெருவுக்குக் கேட்டால் அவனுக்குத்தானே கேவலம்? என் தோளிலிருந்த சலவைத் துண்டை அவன் வாயில் வைத்து அடைத்தேன்.

அதன்பிறகு சங்கிலி தேவைப்படவில்லை. அது எனக்கு நிம்மதியாக இருந்தது.

காய்ச்சல் வந்தது. எலும்பு வெளியே தெரிந்த காலில் கருமை ஏறி, வாடை வந்தது. வைத்தியரை ஏன் அழைக்கவில்லை என்று கேட்டீர்கள். வைத்தியர் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். ஆஸ்பத்திரியில் போட்டால் பதினேழாம் தேதிக்கு விடுவார்களா? தினமும் பக்கத்தில் உட்கார்ந்து அவனுக்காகப் பிரார்த்தித்தேன்.

பதினேழாம் தேதி காலையில் முகம் துடைத்து, தலை சீவி, நெற்றியில் திருநீறு பூசினேன். வண்டியில் வைக்கோல் பரப்பிப் படுக்க வைத்தேன். அவன் கைகூப்பி, "ஆசுபத்திரி" என்று இரண்டு தடவை சொன்னான்.

"கோர்ட்டு முடியட்டும்டே. நேரே அங்கதான்," என்றேன்.

வழியில் பழவங்காடி தாண்டும்போது அவன் மூச்சு அடங்கிவிட்டது. அவன் நெஞ்சில்தான் என் கை இருந்தது, அதனால் எனக்குத் தெரியும். வண்டிக்காரனிடம் வண்டியைத் திருப்பச் சொல்லவில்லை. ஒரு சாக்கை எடுத்துத் தலைவரைக்கும் மூடினேன். அவனைக் கொன்றது நான்தான், ஐயா, அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஓடிப்போனான் என்று அவனை இனி யாரும் சொல்ல முடியாது.

கோர்ட்டு வாசலில் மெலிந்த கிழவி ஒருத்தி சுவரைப் பிடித்து நின்றிருந்தாள். கல்லாற்றிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவள், வேலப்பனின் அம்மை. நான்தான் ஜாமீன் நின்றவன் என்று யாரோ அவளுக்கு அடையாளம் காட்டியிருக்கிறார்கள்.

"எம் மோனைக் கொண்டு வந்தீங்களா முதலாளி?"

"கொண்டு வந்திருக்கேன் அம்மா. வண்டியிலே இருக்கான்."

அவள் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவள் வண்டியருகே போய்ச் சாக்கை விலக்கியது அதற்குப் பிறகுதான். அதற்கு முந்தின அந்த நிமிஷத்தில் அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒருவருக்கு உதவினோம் என்ற நிறைவை என் ஆயுளில் அப்போதுதான் முழுசாக உணர்ந்தேன்.