அக்காவுக்குக் கட்டிய வீடு

வெயில் காலத்தில் மண்மூட்டை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து பாருங்கள் சார், விசிறியே வேண்டாம். ஈரமண்ணைச் சாக்கில் நிரப்பி வட்டமாக அடுக்க வேண்டும். வரிசைக்கு வரிசை முள்கம்பி விரித்து, திமிசுக் கட்டையால் ஓங்கி அடித்து இறுக்க வேண்டும். மேலே போகப் போக வட்டத்தைச் சுருக்கினால் சுவரே கூரையாகிவிடும்.

அக்காவுக்காக அப்படி ஒரு வீடு கட்டினேன். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள். அவள் கேட்கவில்லை, நானாகத்தான் கட்டினேன். கதவு மாட்டுவது மட்டும் பாக்கி.

அவளுக்குப் பிடிக்கவில்லை. "பீரோவை எங்க தள்ளினாலும் பின்னால சந்து விழுதுடா. பேசினா என் குரலே எனக்குத் திரும்பி வருது. உச்சியைப் பிரிச்சுட்டு மேல தகரம் போட்டுக்கறோம், நீ மனசுல வெச்சுக்காத" என்றாள். நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. சிரித்தேன் கூட.

மறுநாள் காலை போனேன். மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், உச்சியில் உட்கார்ந்து மூட்டைகளைப் பெயர்த்துத் தள்ளிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், முகம் சுளிக்கத் தெரியாது. "வாங்க மச்சான், ஒரு கை பிடிங்க" என்றார். உள்ளே சாத்தியிருந்த ஏணியில் ஏறினேன். கையைப் பிடித்தேன். இழுத்தேன்.

உள்ளே தரையில் விழுந்தவருக்கு இடுப்பு முறிந்திருக்க வேண்டும். "காலே தெரியல மச்சான், உங்கக்காவைக் கூப்பிடுங்க" என்றார். படுத்த படுக்கையாகிவிடுவார், அக்காதான் காலமெல்லாம் அள்ளிக் கொட்ட வேண்டும். அவளை அந்தக் கதிக்கு விட எனக்கு மனம் வரவில்லை. திமிசு பக்கத்திலேயே இருந்தது. மூட்டை இறுகியதும் அடியின் சத்தம் மாறும் சார். அதுவரை அவர் தலையில் அடித்தேன்.

திரும்பினால் அக்கா வாசலில் நிற்கிறாள். கத்தவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்து, அவர் சட்டையை இழுத்துச் சரிசெய்தாள். "என்னடா பண்ணிட்ட" என்றாள். சின்ன வயதில் நான் பாலைக் கொட்டினால் கேட்பாளே, அதே குரல். புருஷனை இழந்து அவள் தனியாக என்ன பாடுபடுவாள் என்று யோசித்தேன். முதல் அடியைக் கையால் தடுத்தாள். விரல்கள் நசுங்கிப்போயின. "தம்பி" என்றாள். இரண்டாவது அடியைத் தடுக்க அவளிடம் கை இல்லை.

இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்தேன். மாமா பிரித்த வரிசைகளை முள்கம்பியோடு திரும்ப அடுக்கி உச்சியை மூடினேன். கதவு வைக்க விட்டிருந்த இடத்தையும் மூட்டை வைத்து அடைத்தேன். திமிசைக் கழுவிவிட்டுத்தான் மூட்டைகளை அடித்தேன், வேலையில் அசுத்தம் எனக்கு ஆகாது. அடுத்த வீட்டுக்காரர் தண்ணீர் கொண்டுவந்து தந்து, "என்ன, ஒண்டியாப் பண்றீங்க? அவங்கல்லாம் எங்க?" என்று கேட்டார். "ரெண்டு பேரும் உள்ளதான் இருக்காங்க" என்றேன். நான் பொய் சொல்லிப் பழகவில்லை சார். நீங்கள் கேட்டபோதும் மறைக்காமல் சொல்லிவிட்டேன்.

ஆமாம், இருவரையும் கொன்றது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். வீட்டை உடைக்க ஆள் போகிறது என்று வெளியே பேசிக்கொள்கிறார்கள். உடைக்காமல் இருக்க முடியுமா என்று பாருங்கள். அக்காவுக்கு இப்போதுதான் அந்த வீடு பிடிக்க ஆரம்பித்திருக்கிறது.