செத்ததும் வா

– ஐஸ் உடைக்கிறவங்களை நிறுத்தச் சொல்லுங்க, கபீர் நானா. உங்க படகு வராது.

– வரும் செலின். இன்னிக்கு இல்லேன்னா எட்டு நாள்லே வரும். நீ கூடையைக் கழுவி வை.

– கூடை கழுவியே ரெண்டு வருஷம் போச்சு. புருஷனைக் கடலுக்குக் குடுத்தவளுக்கு, குடுக்க வச்சவர் கிட்டங்கியிலேயே மீன் தரம் பிரிக்கிற வேலை. இந்தப் போட்டாதாங் துறை பூரா உங்களைத் தர்மவான்ங்குது.

– காலங்காத்தாலே என்னம்மா இது?

– இன்னிக்கு என்ன நாளு?

– வாஸோ பௌர்ணமி. பகோடாவுக்குப் போற கூட்டத்துலே ஸ்ட்ராண்ட் ரோட்டைத் தாண்டவே அரைமணி ஆச்சு.

– ஜேசுராஜ் போனதும் வாஸோ பௌர்ணமிதான். உங்களுக்கு மறந்திருக்கும்.

– அல்லா அறிய, மறக்கலே. அவனை நினைச்சுக்கிட்டுத்தான் பூட்டைத் திறந்தேன்.

– நினைப்பீங்க, நினைப்பீங்க. அப்போ நர்கிஸ் புயல் அடிச்சு ரெண்டே மாசம். ஆத்து வாயிலே மணலெல்லாம் இடம் மாறிக் கிடக்கு. ஒரு வாய்க்கால்லே தண்ணி எழும்புற அன்னிக்கு இன்னொண்ணுலே செத்துக் கிடக்கு. வெளிக்கடல்லே நிக்கிறவனுக்குப் பழைய கணக்கு எதுவும் உதவலே. கரையிலேர்ந்து வர்ற சீட்டுதான் அவனுக்கு வேதம். அந்தச் சீட்டை அனுப்பினது யாரு?

– நான்தான்.

– என்னான்னு அனுப்பினீங்க? உங்க வாயாலே சொல்லுங்க.

– நீதான் நூறு தரம் சொல்லிட்டியே.

– நூத்தியொண்ணாவது தரமும் சொல்றேன். 'தண்ணி செத்தது, வா.' அந்த மனுஷன் நம்பி உள்ளே நுழைஞ்சார். தண்ணி எங்கே செத்துச்சு? ஏத்தமும் இறக்கமும் அடங்கி அலை படுக்க இன்னும் எட்டு நாள் இருந்துச்சு நானா. மணல் மேலே அலை வீடு உசரத்துக்கு மடங்கி விழுந்துச்சாம். பலகை கிடைச்சுது, வலை கிடைச்சுது, அவர் கிடைக்கலே. பெட்டியிலே அவர் கோட்டை வச்சுப் பூசை பண்ணிப் புதைச்சேன்.

– நானும் வந்து நின்னேன்ம்மா.

– உல்லம் மீன் அழுகிடும்னு பயம் உங்களுக்கு. முன்னேயெல்லாம் மழை விழுந்தா சினை உல்லம் இந்தத் துறைக்கு எதிர்த்தாப்பிலேயே ஏறும். படித்துறையிலே நின்னே வலை வீசுவாங்க. இப்போ இழுவலைக்காரன் ஆத்து வாயிலேயே குஞ்சு குளுவானோட வழிச்சுட்டுப் போயிடுறான். அந்த வருஷம் மீன் நிறைஞ்சு நின்னது அவர் படகு ஒண்ணுதான். ஆளு போனாலும் மீன் வந்து சேரட்டும்னு கூப்பிட்டீங்க.

– மீனுக்காகக் கூப்பிடலே. ஆனா சொன்னவன் நான். என்னைக் கேளு, அது நியாயம்.

– கணக்கப்பிள்ளை ஊ தேய்ன் தப்பா எழுதிட்டார்னாவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அதைக்கூடச் சொல்லலே நீங்க.

– அவரை இழுக்காதே. அந்த வாரம் அவர் கடையிலேயே இல்லே. புயல்லே போன சொந்தக்காரங்களைத் தேடிட்டுப் போயிருந்தார்.

– உங்களுக்குப் பர்மா எழுத்து வராதே. அப்போ எழுதினது யாரு?

– யாரு எழுதினா என்ன. வாய் என்னோடது.

– நல்லது. உங்க வாயைக் கேட்டாச்சு, இப்போ என் வாயைக் கேளுங்க. வியாழக்கிழமை கீழே போன ஐஸ் படகிலே ஒரு சீட்டு போச்சு. உங்க மகன் ஷம்சுதீனுக்கு.

– நான் எதுவும் அனுப்பலே.

– நான் அனுப்பினேன். உங்க மேஜையிலே கிடந்த கடை முத்திரையை அழுத்திக் குத்தி அனுப்பினேன். அதே வார்த்தை. 'தண்ணி செத்தது, வா.'

– செலின்.

– பாருங்க, இந்த மூஞ்சியைத்தான் பார்க்கணும்னு ரெண்டு வருஷமா இங்கே குனிஞ்சு கிடந்தேன். எனக்கு ஒரு பெட்டியும் கோட்டும். உங்க மருமகளுக்கும் ஒரு பெட்டியும் சட்டையும். சாமியார்கிட்டே பாவசங்கீர்த்தனத்துலேகூட இதைச் சொல்ல மாட்டேன். பாவம்னு தோணினாத்தானே சொல்றதுக்கு.

– ஷம்சு உள்ளே வரலேம்மா. வெளியிலே நங்கூரம் போட்டுக் கிடக்கான்.

– பொய்.

– அப்துல் அஜீஸ் படகு மேற்கு வாய்க்காலைச் சுத்திக்கிட்டு விடியக்காலம் வந்துச்சு. அவர் கண்ணாலே பார்த்துட்டு வந்து சொன்னார். நம்ம கடைச் சீட்டைப் பார்த்துட்டுத்தான் பையன் நிக்கிறானாம். நான் அனுப்பாத சீட்டு எதுன்னு அப்போலேர்ந்து மண்டையைக் குடையுது.

– அந்தச் சீட்டைப் பார்த்தவன் நிக்க மாட்டான். ஓடி வருவான்.

– 'தண்ணி செத்ததும் வா'ன்னு இருந்துச்சாம். சாகட்டும், எட்டு நாள் கழிச்சு வரலாம்னு படுத்துட்டான்.

– 'செத்ததும்' இல்லே. 'செத்தது.' நான் சொன்னது 'செத்தது.'

– நீயா எழுதினே?

– எனக்கு எழுத்து ஏது. என் மக பெர்சிஸை உக்கார வச்சு, பர்மாவிலே எழுதச் சொன்னேன். சின்னதுலேர்ந்து பர்மாப் பேச்சு, தமிழ் அரைகுறை. பாவி, காரியத்தைக் கெடுத்துட்டாளே.

– மெதுவா பேசும்மா.

– என்ன மெதுவா? ரெண்டு தரம் தெளிவாச் சொன்னேன் நானா. 'அம்மா, செத்ததா, செத்ததுமா'ன்னு கேட்டா. 'செத்தது, எழுதுடி'ன்னேன். மறுபடியும் அதையே கேட்டா. பேனாவை எடுக்குறா, வைக்குறா, கண்ணுலே தண்ணி. காய்ச்சலோன்னு நெத்தியைத் தொட்டுப் பார்த்தேன். ஒரு 'உம்'முக்கு இத்தனை கேள்வி கேட்டவ, கடைசியிலே தப்பாவே எழுதியிருக்கா. அப்பனைக் கொன்னவன் வீட்டைக் காப்பாத்திட்டா.

– கேட்டாளா? அவளே வாயைத் திறந்து கேட்டாளா?

– ரெண்டு தரம் கேட்டாங்கிறேன். உங்களுக்கு ஏன் இப்போ கண்ணு கலங்குது?

– அன்னிக்கு ஜேசுராஜுக்கு நான் 'செத்ததும்'னு சொல்லச் சொல்ல எழுதினப்போ, அவ கேக்கலேம்மா.