முன்னால் போகிறவனின் கை

ஒரே கையால் சட்டை போட்டுக்கொள்வதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, மேடம். ஒடிந்த பக்கத்துக் கையை முதலில் நுழைக்க வேண்டும். நல்ல கை பிறகு தானாக வழி கண்டுபிடித்துக்கொள்ளும். இது தெரியாமல் ஆரம்பத்தில் தலையில் பை மாட்டிய பூனை மாதிரி வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்தேன். என் மனைவி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சிரிக்கட்டும். சிரிப்புக்கு நான் எதிரி இல்லை. என் சகலை சைக்கிளிலிருந்து விழுந்ததைப் பற்றித்தானே கேட்டீர்கள், வருகிறேன். உங்கள் ஸ்டேஷன் டீ நன்றாக இருக்கிறது.

முதலில் விழுந்தது நான்தான். மலைச்சரிவில் இல்லை, என் வீட்டு கேட் முன்னால், நின்ற இடத்தில். எங்கள் சைக்கிள்களில் ஷூ பெடலோடு பூட்டிக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால்தான் விடும். பக்கத்து வீட்டுக்காரருக்கு குட்மார்னிங் சொல்லும் மும்முரத்தில் திருப்ப மறந்துவிட்டேன். வெட்டிய மரம் மாதிரி சாய்ந்தேன். சட்டைக் காலருக்குக் கீழே குறுக்காக ஓடுமே, காறை எலும்பு, இடப்பக்கத்தது இரண்டாகிவிட்டது.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் வெகு காலமாக நான்தான் முன்னால் போகிறவன். மற்றவர்கள் ஒருவர் சக்கரத்தை ஒருவர் ஒட்டி வரிசையாக வருவார்கள். காற்று முழுவதையும் முன்னால் இருப்பவன் வாங்கிக்கொள்வான். பின்னால் வருகிறவர்களுக்கு என் முதுகைத் தவிர வேறெதுவும் தெரியாது. அதனால் இடப்பக்கம் பள்ளம் வந்தால் இடது கையை இறக்கி விரலால் காட்டுவேன். அந்த விரலை நம்பித்தான் அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டு மிதிப்பார்கள். அதைவிடப் பெரிய மரியாதை எனக்கு ஆபீஸில்கூடக் கிடைத்ததில்லை.

நான் கட்டோடு உட்கார்ந்ததும் என் சகலை முன்னால் போக ஆரம்பித்தார். நல்ல மனுஷன். தினமும் சாயங்காலம் ஆரஞ்சுப் பழத்தோடு வந்துவிடுவார். உரித்துக் கொட்டைகூட எடுத்துத் தருவார்.

"என்ன சகல, றெக்க ஒடைஞ்ச கோழி மாதிரி உக்காந்திருக்கீங்க?"

பிறகு ஹாலின் நடுவில் நின்று நான் விழுந்ததை நடித்துக் காட்டுவார். "குட்மார்..." என்று கையைத் தூக்குவார், அப்படியே சோபாவில் தொப்பென்று சாய்வார். என் மனைவிக்கு மூச்சு முட்டும். மச்சினி, "இன்னொரு தடவ, இன்னொரு தடவ" என்பாள். குழுவில் டீ குடிக்கும்போதும் இதுதானாம். பக்கத்து வீட்டுக்காரர் குரலையும் சேர்த்துக்கொண்டாராம். நானும் சிரித்தேன். சிரித்தால் எலும்பு வலிக்கும், இருந்தாலும் சிரித்தேன்.

ஒருநாள் என் சைக்கிளையும் எடுத்துக்கொண்டு போனார்.

"சும்மா கெடந்தா செயின் துருப்புடிச்சுரும் சகல. நான் ஓட்டி வெக்கறேன்."

"உங்க சைக்கிள்?"

"அது கெடக்குது விடுங்க."

திருப்பித் தந்தபோது சீட்டு ஒரு விரல் உயர்ந்திருந்தது. "கொஞ்சம் எறக்கமா வெச்சிருந்தீங்க சகல. அதான் இத்தன வருஷமா நம்ம எல்லாரும் மெதுவாவே போயிட்டிருந்திருக்கோம்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்குக் கெட்ட எண்ணமே கிடையாது. அதுதான் அவரிடம் எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

நான் சிரத்தையாகக் குணமானேன். சுவரில் விரல்களைச் சிலந்தி மாதிரி மேலே நடக்கவிட வேண்டும். எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. "சுவர்ல கிறுக்கற வயசா உங்களுக்கு?" என்று மனைவி சத்தம் போட்டாள். பிசியோதெரபி செய்த பெண் மட்டும், "சார், எல்லாரும் உங்கள மாதிரி இருந்தா நான் கடைய மூடிட்டுத் தூங்கப் போயிருவேன்" என்றாள். கோடுகள் ஏறி ஏறி, ஒருநாள் அலமாரி உச்சியிலிருந்து சூட்கேஸை நானே இறக்கினேன். இடது கையால்.

சைக்கிள் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்த நாட்களில், எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பாதையில் நடந்து போய்வருவேன். அச்சகத்தின் மதிலை ஒட்டி ஒரு இறக்கம் இருக்கிறது. அதன் அடியில், ரோட்டின் இடது ஓரம், மழைத்தண்ணீர் இறங்க ஒரு இரும்புக் கம்பி மூடி. கடைசி நாட்களில் ஒருநாள் பார்த்தால், அதில் ஒரு கம்பியைக் காணவில்லை. சைக்கிள் சக்கரத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இடைவெளி. நகராட்சிக்குப் போன் செய்யலாம் என்று பாக்கெட்டில் கைவிட்டேன். பிறகு, இருக்கட்டுமே என்று தோன்றியது.

நான் திரும்பிப் போன அன்று குழுவின் தலைவர், ஒரு பல் டாக்டர், எல்லார் முன்னாலும் சோதித்தார். "ரெண்டு கையையும் தூக்குங்க பாப்போம்." தூக்கினேன். கைதட்டினார்கள். சத்தமாகத் தட்டியது சகலைதான்.

"இன்னிக்கு நீங்கதான் முன்னாடி சகல. வழியில எங்கயாவது வீட்டு கேட் வந்தா மட்டும் சொல்லிருங்க, நாங்க எறங்கித் தள்ளிக்கிட்டு வர்றோம்."

எல்லாரும் சிரித்தார்கள். அருமையான காலை அது. இளவெயில், எதிர்க்காற்றுகூட இல்லை. வழியெல்லாம் கை காட்டினேன். ஒரு கூழாங்கல்லைக்கூட விடவில்லை. என் பின்சக்கரத்தை ஒட்டி சகலை விசிலடித்துக்கொண்டே வந்தார். அச்சக மதில் வந்தது. மூடி தெரிந்தது. ஒரு சாண் வலப்பக்கம் ஒதுங்கினேன், நைசாக, யாருக்கும் தெரியாதபடி. கை ஹேண்டில்பாரிலேயே இருந்தது.

எனக்கு அவர்மேல் ஒரு கோபமும் இல்லை, மேடம். எனக்கு ஒரு கதை இருப்பதுபோல அவருக்கும் ஒன்று இருக்கட்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். ஒரு காறை எலும்பு, அதுவும் இடப்பக்கம். ஆரஞ்சு வாங்கிப்போவதற்குப் பையெல்லாம் எடுத்துவைத்திருந்தேன். சட்டை போடும் சூட்சுமத்தைச் சொல்லித்தர ஆசையாக இருந்தது. காறை எலும்புக்கும் கழுத்துக்கும் நாலு விரல் தூரம். விழுந்தவர் அந்த நாலு விரல் தள்ளி விழுந்ததற்கு நான் என்ன செய்ய முடியும்?

துக்கத்துக்குப் போன இடத்தில்தான் எனக்குச் சங்கடம். மச்சினி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க என்ன மாமா பண்ணுவீங்க, உங்களுக்கே ஒடம்பு சரியில்ல" என்று அழுதாள். மனைவி என் தோளைத் தடவியபடியே இருந்தாள். பல் டாக்டர் தனியாகக் கூப்பிட்டு, "அவசரப்பட்டு வந்துட்டீங்க. காட்டிக் காட்டி கை அசந்துபோச்சு. எலும்பு இன்னும் செட் ஆகல. இனிமே நீங்க கடைசியில வாங்க, போதும்" என்றார். எத்தனை கோடுகள் போட்டேன் அந்தச் சுவரில்!

இப்போது நீங்களும், "வலியால கை வரலன்னு எழுதிக்கறேன் சார், நீங்க கெளம்புங்க" என்கிறீர்கள். உங்கள் நல்ல மனசு. ஆனால் அது பொய். இதோ பாருங்கள், தூக்குகிறேன். காதை ஒட்டி நிற்கிறது. வலி என்றால் என்ன என்று இந்தக் கைக்குத் தெரியாது. அன்றைக்கும் தெரியாது. எழுதிக்கொள்ளுங்கள்: கை நன்றாக இருந்தது. அங்கே மூடி உடைந்திருப்பது தெரியும். அவர் பின்னால் வருவதும் தெரியும். வேண்டுமென்றேதான் காட்டவில்லை.

எழுதி முடித்ததும் அந்தப் பல் டாக்டருக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். என் கை பூரணமாகக் குணமாகிவிட்டது என்று நீங்கள் சொன்னால் நம்புவார். வருகிற ஞாயிற்றுக்கிழமை முன்னால் யார் போவது என்று இன்னும் முடிவு செய்யவில்லையாம்.